பி.காம். படிப்பவருக்கு எதற்கு விலங்கியல்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் பி.காம். முதலாமாண்டு. நான்-மேஜர் எலெக்டிவ், அதாவது உங்கள் மேஜருக்கு வெளியே வேறொரு துறையில் எடுக்க வேண்டிய சிறு பாடமான என்.எம்.இ., உங்களுக்கு விலங்கியல் துறையில் விழுந்திருக்கிறது. அத்தை மகன் அதே கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல். பள்ளித் தோழி பி.எஸ்சி. வேதியியல், அவருக்கு விலங்கியல் அலைடு, அதாவது துணைப்பாடம். மூன்று பேருக்கும் அதே துறைதான் பாடம் எடுக்கிறது, சில நாள் அதே ஆசிரியர். ‘அவனுக்குக் கெட்டிப் பால், எங்களுக்குத் தண்ணீர் கலந்ததா? அப்படியென்றால் அவன் புத்தகத்தையே வாங்கிப் படித்துவிடலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியில் பார்த்தால் புத்தகத்தைப் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது, ‘எனக்குக் கிடைப்பது இரண்டாந்தரமா?’ என்பது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் தென்மாவட்ட அரசு கலைக் கல்லூரிகளில் 29 ஆண்டுகள் விலங்கியல் எடுத்து ஓய்வு பெற்றவன். மேஜர், அலைடு, என்.எம்.இ. மூன்றும் எடுத்திருக்கிறேன். மூன்றிலும் சொதப்பியும் இருக்கிறேன். தாவரவியல் துறையில் எப்படி, தனியார் தன்னாட்சிக் கல்லூரிகளில் எப்படி என்பதெல்லாம் எனக்குக் கேள்விஞானம்தான். அந்தப் பக்கம் போகவில்லை.

அமைப்பை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். நம் ஊர்ப் பட்டப்படிப்பில் பார்ட் ஒன்று தமிழ் (அல்லது வேறு மொழி), பார்ட் இரண்டு ஆங்கிலம், பார்ட் மூன்றில் மேஜரும் அலைடும், பார்ட் நான்கில் என்.எம்.இ., சுற்றுச்சூழல் கல்வி போன்றவை, பார்ட் ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. வகையறா. பள்ளியில் தமிழ் படிக்காதவர்கள் என்.எம்.இ.-க்குப் பதிலாக அடிப்படைத் தமிழ் எடுக்க வேண்டும். அதனால்தான் உங்கள் வகுப்பில் சிலர் அந்த ஹவரில் வேறு அறைக்குப் போகிறார்கள். மேஜர் என்பது மூன்று வருடம் முழுக்க ஓடும் பாடம். அலைடு சில செமஸ்டர், கூடவே பிராக்டிகல். என்.எம்.இ. வாரத்துக்கு ஓரிரு மணி நேரம், அதுவும் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் கண் சொருகும் நேரத்தில்.

இதை விளக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி ஒரு கண்ணாடி ஜாடி. மழை தொடங்கியதும் எல்லா வகுப்புக்கும் ஒரே வேலை கொடுப்பேன்: வீட்டில் எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பார்த்து, அதில் ஒரு டம்ளர் எடுத்து வா. ஒரு வருடம் பி.காம். மாணவி ஒருவர் வெறுங்கையோடு வந்தார். “எங்க வீட்டுல தண்ணியே தேங்கல சார்” என்றார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அடியில் ஒரு தட்டு இருக்கும், பார்த்தாயா என்றேன். மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்தார். உள்ளே ஏழெட்டுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தட்டினால் நெளிந்து கீழே போகும், கொஞ்ச நேரத்தில் மேலே வந்து வாலை நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு மறுபடி தொங்கும்.

அந்த பாட்டில் காலையில் மேஜர் வகுப்புக்குப் போனது. அங்கே வேலை மைக்ராஸ்கோப்பில். புழுவின் வால்பக்கச் சுவாசக் குழல் குட்டையா நீளமா, அதில் மயிர்க்கற்றை ஒரு ஜோடியா பல ஜோடியா, எட்டாவது உடற்கண்டத்தில் இருக்கும் சீப்புப் பற்கள் ஒரே வரிசையா, கொத்தாக இருக்கின்றனவா? குட்டைக் குழலும் ஒற்றை வரிசையும் என்றால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். நீளக் குழலும் கொத்தும் என்றால் கியூலெக்ஸ். குழலே இல்லாமல் நீர்மட்டத்தோடு படுத்துக் கிடந்தால் அனாபிலஸ். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, பாகம் குறித்து, கையெழுத்து வாங்க வேண்டும். இதெல்லாம் எதற்கு என்று அவர்களும் முணுமுணுப்பார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று காட்டிய ரொனால்டு ராஸின் கதையைச் சொல்வேன். அவர் ராணுவ மருத்துவர். கொசு வகைகளைப் பிரித்தறியும் பயிற்சி அவருக்குக் கிடையாது. சாம்பல் கொசு, வரிக் கொசு, புள்ளிச் சிறகுக் கொசு என்று தானே பெயர் வைத்துக்கொண்டு, 1895-லிருந்து மலேரியாவைப் பரப்பாத கொசுக்களையே திரும்பத் திரும்ப அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் புள்ளிச் சிறகுக் கொசுவுக்கு வந்த பிறகுதான், அதாவது அனாபிலஸுக்கு வந்த பிறகுதான், மலேரியாக் கிருமி அதன் வயிற்றுச் சுவரில் கண்ணில் பட்டது. 1902-ல் நோபல் பரிசு வந்தது. ஆனால் அந்த இரண்டு வருட அலைச்சலில் ஒரு பகுதியையாவது, பக்கத்தில் ஒரு நல்ல விலங்கியல்காரர் இருந்திருந்தால் மிச்சம் பிடித்திருக்கலாம் என்பது என் எண்ணம். இன்றைக்கும் அப்படித்தான். சென்னை மலேரியாவுக்குக் காரணமான அனாபிலஸ் ஸ்டிஃபென்சி கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளர்வது. கொசுவைத் தப்பாக அடையாளம் சொன்னால், தேட வேண்டிய இடமே தப்பிப்போகும். பல் எண்ணத் தெரிந்த ஒருவர் எங்காவது இருந்தே ஆக வேண்டும். உங்கள் அத்தை மகன் அதற்காகத்தான் தயாராகிறார், அவருக்கே அது இன்னும் தெரியாவிட்டாலும்.

அதே பாட்டில் மதியம் என்.எம்.இ. வகுப்புக்கு வந்தது. மைக்ராஸ்கோப் கிடையாது. வெறும் கண்ணால் பார்ப்பதுதான்: தொங்குகிறதா, படுத்திருக்கிறதா? யார் வீட்டுத் தண்ணீர், எங்கிருந்து எடுத்தது? கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனோம். ஃபிரிட்ஜ் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மூலையில் கிடந்த ஆட்டுரல், பழைய டயர். சாக்கடைப் பக்கம் எடுத்தது ஒன்றே ஒன்று. டெங்கு கொசு சாக்கடையில் வளர்வதாக அதுவரை நினைத்திருந்த வகுப்பு, தன் வீட்டுச் சுத்தமான தண்ணீரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கணக்கு. முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க, நம் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள். அப்படியானால் எத்தனை நாளுக்கு ஒரு தடவை தட்டைக் கழுவ வேண்டும்? வாரம் ஒருமுறை என்று அவர்களே சொன்னார்கள். தண்ணீரைக் கொட்டினால் போதுமா? போதாது. ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீருக்கு மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

அன்றைக்கு அந்தப் பெண் கேட்ட கேள்வியை, எனக்குத் தெரிந்து எந்த மேஜர் மாணவரும் கேட்டதில்லை. “சார், நகராட்சியிலருந்து வந்து எங்க தொட்டியில மருந்து ஊத்திட்டுப் போறாங்களே, அந்தத் தண்ணியக் குடிக்கலாமா?” அது டெமிபாஸ் என்ற புழுக்கொல்லி, அபேட் என்றும் சொல்வார்கள் என்பது வரை தெரியும். குடிக்கலாமா என்பதற்கு, அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றுதான் சொல்ல முடிந்தது. போய்ப் படித்துவிட்டு வந்தேன். குடிதண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. அந்த அளவு புழுவைக் கொல்லும், அந்த அளவில் மனிதருக்கு ஆபத்தில்லை என்பது அதன் கணிப்பு. நஞ்சா இல்லையா என்பதை அளவுதான் முடிவு செய்கிறது என்ற விஷயத்தை முப்பது பி.காம். பிள்ளைகளும் நானும் சேர்ந்து அந்த வாரம் கற்றுக்கொண்டோம். பாடத்திட்டத்தில் அது இல்லை.

இரண்டு வகுப்பிலும் ஒரே புழுதான், ஒரே ஆசிரியர்தான். இதில் எது தண்ணீர் கலந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேலை வேறு, அவ்வளவுதான். மேஜர் மாணவருக்கு நான் அரைகுறையாகச் சொல்லிவிட்டால்கூட, அடுத்த செமஸ்டரில் இன்னொருவர் திருத்துவார், எம்.எஸ்சி.யில் வேறொருவர் திருத்துவார். உங்களுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. என்.எம்.இ. வகுப்பில் நிற்கிற ஆசிரியர்தான் உங்கள் வாழ்க்கையின் கடைசி உயிரியல் ஆசிரியர். அதற்கப்புறம் உடம்பைப் பற்றியும் நோயைப் பற்றியும் உங்களுக்குச் சொல்லப்போவது மருந்துக்கடைக்காரர், பக்கத்து வீட்டு அக்கா, குடும்ப வாட்ஸ்அப் குழு. இது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆனது.

என் முதல் என்.எம்.இ. பேட்ச்சில் நான் செய்தது நீங்கள் பயப்படுகிற அதே விஷயம்தான். மேஜர் நோட்ஸை எடுத்து, விலங்குத் தொகுதிகளின் வகைப்பாட்டைச் சுருக்கி டிக்டேட் செய்தேன். புரோட்டோசோவா, பொரிஃபெரா, சீலன்டரேட்டா என்று வரலாற்று மாணவர்கள் பாவம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பையன் எழுந்து, “சார், அப்பாவுக்கு சுகர் மாத்திரைய நிறுத்திட்டு இன்சுலின் ஊசி போடச் சொல்லிட்டாங்க. மாத்திரையும் ஊசியும் ஒண்ணா? ஊசி மருந்த மாத்திரையாவே தர முடியாதா?” என்றான். போர்ஷனில் இல்லை, உட்காரு என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த செமஸ்டர் முழுக்க வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. பதில் ஒன்றும் கஷ்டமில்லை. இன்சுலின் ஒரு புரதம். முட்டை வெள்ளைக்கருவை வயிறு எப்படிச் செரிக்கிறதோ அப்படி அதையும் செரித்துவிடும். ரத்தத்துக்குப் போய்ச் சேராது. அதனால் ஊசி. மாத்திரைகள் இன்சுலின் அல்ல. அவற்றில் பல, உடம்பு தானே சுரக்கும் இன்சுலினை வைத்து வேலை வாங்குபவை. அந்தச் சுரப்பே குறைந்துபோனால் வெளியிலிருந்து தர வேண்டிவரும். இதே இன்சுலினை மேஜர் வகுப்பில் 51 அமினோ அமிலம், இரண்டு சங்கிலி, ஒன்றில் 21, மற்றதில் 30 என்று எடுப்பேன். பரீட்சைக்கு அது வேண்டும். அந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது முட்டை வெள்ளைக்கரு.

ஆகவே உங்கள் சந்தேகம் முழுக்கத் தப்பில்லை. தண்ணீர் கலந்த என்.எம்.இ. பேப்பர்கள் உண்டு. ஒரு பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் நானே உட்கார்ந்திருந்தேன். மேஜர் பேப்பர்கள் ஒவ்வொன்றுக்கும் அரை நாள் பேசினோம். என்.எம்.இ.-க்கு வரும்போது மணி நாலரை, வடை வந்துவிட்டது. யாரோ முதலாமாண்டு மேஜர் பேப்பரின் முதல் இரண்டு யூனிட்டை அப்படியே எடுத்துப் போட்டார். நானும் கையெழுத்துப் போட்டேன். உங்கள் பேப்பர் எந்த ரகம் என்று தெரிய ஒரு சோதனை: பாடத்திட்டத்தில் யூனிட் தலைப்புகளைப் பாருங்கள். மண்புழு உரம், அலங்கார மீன் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, பொதுச் சுகாதாரம், உணவும் ஊட்டச்சத்தும் என்று போனால் யாரோ உங்களை மனதில் வைத்து யோசித்திருக்கிறார்கள். ‘வகைப்பாட்டின் அடிப்படைகள்’ என்று தொடங்கினால் நாலரை மணி வடைதான்.

தோழியின் அலைடு இந்த இரண்டிலும் சேராது. அதில் பாதிக் கல்லூரிகளில் நடப்பது மேஜரின் குட்டிப் பிரதி. ஒரு தொகுதிக்கு ஒரு விலங்கு, கரப்பான் வாயுறுப்பு, மண்புழு மயிர்த்தூவி. வேதியியல் மாணவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் ரத்தம். ரத்தத்தின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மூச்சை அடக்கினால் கார்பன் டை ஆக்ஸைடு ஏறும், பி.எச். இறங்கும், மூளை விடாமல் மூச்சிழுக்க வைக்கும். ஒருநாள் இதைச் சொல்லித் திணறிக்கொண்டிருந்தேன். காலையில் பஃபர் (பி.எச். சட்டென்று மாறாமல் தாங்கும் கரைசல்) பரிசோதனை முடித்துவிட்டு வந்திருந்த ஒரு பையன் எழுந்து வந்து, கார்பானிக் அமிலம்-பைகார்பனேட் சமன்பாட்டைத் தானே பலகையில் எழுதி விளக்கினான். நான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அலைடு மாணவர் உயிரியலில் காலி டம்ளர் இல்லை. வேறு வாசல் வழியாக உள்ளே வருபவர். மேற்கொண்டு உயிர்வேதியியல் பக்கம் போகும் எண்ணம் தோழிக்கு இருந்தால், அலைடு விலங்கியலை ஒதுக்க வேண்டாம். சேர்க்கைத் தகுதியைச் சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளட்டும். அது இடத்துக்கு இடம் மாறும்.

உங்கள் விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது: இரண்டு கிரெடிட் என்.எம்.இ.யை வைத்துக்கொண்டு உயிரியல் சார்ந்த மேற்படிப்புக்குப் போக முடியாது. பிளஸ் டூவில் எடுத்த குரூப்பும் மேஜரும்தான் அதைத் தீர்மானிக்கும். பெயிலானால் பட்டம் நிற்கும், அதனால் பாஸ் ஆகியே தீர வேண்டும். என்ன வகுப்பில் தேறினீர்கள் என்பதை வழக்கமாக பார்ட் மூன்று மதிப்பெண்ணே முடிவு செய்கிறது. உங்கள் கல்லூரி விதிமுறையில் ஒருமுறை சரிபாருங்கள். உறுதியில்லாதது: இப்படி ஒரு பேப்பர் படிப்பதால் ஆள் மாறுகிறாரா? ஃபிரிட்ஜ் தட்டை அந்தப் பெண் இன்னமும் வாரா வாரம் கழுவுகிறாரா என்று நான் போய்ப் பார்த்ததில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் சிலருக்கு வந்தது, அதை வகுப்பில் பார்த்தேன். அதற்கு மேல் சொன்னால் அது என் ஆசை.

அதேபோல், மேஜர் என்றால் எல்லாம் தெரியும் என்றும் நினைக்க வேண்டாம். கரப்பானின் நரம்பு மண்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரையும் மூன்றாமாண்டு மேஜர் மாணவன் ஒருவன், நாய் கடித்த காலில் மஞ்சள் பூசி, துணி சுற்றிக்கொண்டு இரண்டு நாள் கழித்து லேபுக்கு வந்தான். கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடிவதில்லை என்பதை மூன்று வருடத்தில் நாங்கள் யாருமே அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. வைரஸின் வடிவம் சொல்லியிருந்தோம். அவனை அப்படியே பைக்கில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம், நல்லபடியாகத்தான் இருக்கிறான். என்னைக் கேட்டால் மேஜர் மாணவர்களையும் ஒரு செமஸ்டர் உங்கள் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு பேப்பர் எல்லோருக்கும் கட்டாயம். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவிலிருந்து வந்தது அது; பின்னால் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. எல்லாப் பட்டப்படிப்புக்கும் பொதுவான பாடத்திட்டம் தயாரித்தது. அதுவும் நான்-மேஜர் உயிரியல்தான், பெயர் மட்டும் வேறு. அதில் களப்பணி என்று ஒரு பகுதி இருக்கிறது. குளக்கரையில் குரூப் போட்டோ எடுத்து முடித்துவிடாமல், உங்கள் ஊர்க் குளத்தில் நிஜமாகவே இறங்கிப் பாருங்கள். இரண்டு பேப்பருக்கும் ஒரே உழைப்பு போதும்.

கடைசியாக, புத்தகம். அத்தை மகனின் முதுகெலும்பற்றவை புத்தகத்தை வாங்க வேண்டாம். முப்பதாம் பக்கத்தில் மூடிவிடுவீர்கள், தப்பு உங்கள் மேல் இருக்காது. தமிழில் வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு உயிரி-விலங்கியல் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மனித நலன், நோய்கள், நோய்த்தடைகாப்பு பற்றிய பாடங்களை மட்டும் எடுங்கள். வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியமில்லை. ஆங்கிலம் ஓடும் என்றால் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்து ஓப்பன்ஸ்டாக்ஸ் பதிப்பகத்தின் இலவச உயிரியல் புத்தகங்களில் இரண்டைப் பாருங்கள். ‘பயாலஜி’ என்பது மேஜர் மாணவர்களின் இரண்டு செமஸ்டர் பாடத்துக்கு, ‘கான்செப்ட்ஸ் ஆஃப் பயாலஜி’ மற்றவர்களின் ஒரு செமஸ்டர் பாடத்துக்கு. இரண்டிலும் ஒரே தலைப்பை, நோய்த்தடைகாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், அருகருகே திறந்து வைத்துப் பாருங்கள். எதை விட்டிருக்கிறார்கள், எதை முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே நான் இவ்வளவு நேரம் சொன்னது பாதி புரிந்துவிடும்.

வகுப்பில் ஜாடி கொண்டுவரச் சொல்லவில்லையென்றாலும் நீங்களே ஒன்று கொண்டுபோங்கள். எந்த விலங்கியல் ஆசிரியரும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். வாயை மட்டும் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். நான் ஒரு வெள்ளிக்கிழமை கட்ட மறந்து ஜாடியை ஸ்டாஃப் ரூம் மேசையில் வைத்துவிட்டுப் போனேன். திங்கள்கிழமை துறைத் தலைவர் ஒரு கையால் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு, மறு கையால் காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். பகலில் கடிக்கிறதே, அப்படியானால் ஏடிஸ்தான் என்றார்.